பள்ளிக்குள் வந்த திரைகள்

இந்தியப் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் பெரிய அளவில் முதலில் வந்து நின்ற மின்னணுத் திரை, கணினியுடையதல்ல, தொலைக்காட்சியுடையது. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் பெற்று, 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக்கு இஸ்ரோ நடத்திய ‘சைட்’ சோதனை அது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு ஒளிபரப்பு நேராகப் போய்ச் சேர்ந்தது. கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பிவலையால் செய்த பத்தடி அகலத் தட்டுதான் ஆன்டெனா. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி, மாலையில் ஊராருக்கு. பெட்டி ஊருக்கே பொது. ஆந்திரமும் கர்நாடகமும் அந்த ஆறில் உண்டு, தமிழ்நாடு இல்லை.

கணினி வந்தது 1984-ல், மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தோடு. நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளுக்கு பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகள் தரப்பட்டன. அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அது போதாது. பாடம் நடத்துவது நோக்கமாக இருக்கவில்லை. கணினி என்றால் என்ன என்று காட்டினால் போதும் என்றிருந்தது. விலை உயர்ந்த பொருள் என்பதால் பெரும்பாலும் பூட்டிய அறையில்தான் அதற்கு இடம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் வழக்கம், கணினியைத் தூசி தாக்காமல் இருப்பதற்கென்று தொடங்கி, பிறகு ஒருவகைப் பக்தியாகவே நிலைத்துவிட்டது.

அந்தத் திரையில் தமிழ் வரவும் காலம் பிடித்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு தட்டச்சு முறை என்றிருந்த குழப்பத்துக்கு, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாடு ஓரளவு முடிவு கட்டியது. தமிழ்99 விசைப்பலகை அதையொட்டி வந்தது. 2001-ல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், அயலகத் தமிழர்களின் பிள்ளைகளுக்கு இணையம் வழியே தமிழ் கற்பித்தது. கடல் கடந்த பிள்ளைக்கு இணையவழிப் பாடம் கிடைத்த அந்த நாளில், உள்ளூர் அரசுப் பள்ளிகள் பலவற்றில் இணைய இணைப்பே கிடையாது. கல்விக்கென்றே 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோளும் பாடத்தைத் தொலைவிலிருந்து ஒளிபரப்பியதே தவிர, கருவியை மாணவர் கைக்குக் கொண்டுவரவில்லை.

அதைச் செய்தது தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். அரசின் எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வழங்கியது. பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 50 லட்சம் மடிக்கணினிகள் வீடு போய்ச் சேர்ந்தன. அதே நாளில்தான் மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் தொடங்கியது. அடுத்த ஆண்டு மாவட்டங்களில் மின்வெட்டு நாளில் பல மணி நேரம் நீண்டபோது, இலவசமாக வந்த பொருள்களில் கரண்ட் இல்லாமலும் கொஞ்ச நேரம் ஓடியது மடிக்கணினி மட்டுமே. ஆனால் கருவி வந்த வேகத்தில் அதற்கான தமிழ்வழிப் பாடம் வரவில்லை. மடிக்கணினி வகுப்பறைக்கு வந்ததைவிட வீட்டில் படம் பார்க்கப் பயன்பட்டதே அதிகம் என்ற புகார் அப்போதே எழுந்தது. பாடம் இல்லாத பெட்டியில் பிள்ளைகள் வேறென்ன பார்ப்பார்கள் என்று கேட்டவர் குறைவு.

2018-ல் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்கள் இந்தக் குறையை வேறு வழியில் தீர்க்கப் பார்த்தன. பக்கத்தில் அச்சிட்ட க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளி திறக்கும். புதிதாகக் கருவி எதுவும் வாங்கித் தர வேண்டாம். புத்தகம் எப்படியும் எல்லோர் கைக்கும் போகிறது. இந்த வரிசையில் மிகக் குறைந்த ஆடம்பரமும் மிக நல்ல யோசனையும் இதுவே எனலாம். 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அப்போது அதைப் பெரிதாகக் கவனித்தவர் இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டதும் நிலைமை மாறியது. தனியார் பள்ளிகள் ஜூம், கூகுள் மீட் என்று போயின. அரசுப் பள்ளிப் பிள்ளையின் வீட்டில் பெரும்பாலும் ஒரே ஸ்மார்ட்போன்; அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் யார் வகுப்புக்கு முதலிடம் என்பதும் ஒரு வழக்கு. அதனால் பாடங்கள் கல்வித் தொலைக்காட்சியில் அட்டவணை போட்டு ஒளிபரப்பாயின. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் மடிக்கணினியைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, அங்குள்ள உயர்தொழில்நுட்பக் கணினி ஆய்வகத்தில் பாடக் காணொளிகளைப் பதிவிறக்கிக்கொண்டு திரும்பினார்கள். இணையம் எட்டாத வீட்டுக்குப் பாடம் பையில் ஏறிப் போனது.

அப்படியும் விட்டுப்போன படிப்பு கொஞ்சமல்ல. அதை ஈடுகட்ட அரசு 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் திரைக்கு முதலிடம் இல்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைத் தெருவிலேயே மாலையில் கூட்டி உட்காரவைத்துத் தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

2024-ல் தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் பணி தொடங்கியது. கூடவே கைக்கணினிகளும் வழங்கப்பட்டன. இம்முறை அவை போய்ச் சேர்ந்தது ஆசிரியர்களின் கைக்கு.