முப்பத்துமூன்று ஆண்டுகள் எழுந்த ஆலயம்



திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், செம்மணல் தேரி நிலத்தில் அமைந்த சிற்றூர் இடையன்குடி. கால்டுவெல் ஐயரையும், 1856-இல் வெளிவந்த அவருடைய ஒப்பிலக்கணத்தையும் சொல்லியே பலரும் அவ்வூரை நினைவுகூருகிறார்கள். அவ்வூரின் கட்டடங்களை, அவை எழுந்த வரிசையில் நீங்கள் காணவேண்டுமென விரும்புகிறேன்.

1841-இன் இறுதியில் அவர் வந்து சேர்ந்தபோது, அது பனையேறிப் பிழைத்த எளிய மக்களின் ஊர். நிலம் வாங்கித் தெருக்களை நேராக வகுத்தார், கிணறு வெட்டுவித்தார், மரம் நட்டார். 1844-இல் அவரை மணந்த எலைசா அம்மையார், நாகர்கோவில் மிஷனெரி சார்லஸ் மால்ட்டின் மகள். தமிழை நன்கு அறிந்தவர். அவர் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார்.

பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் வேலை தொடங்கியது 1847-இல். பிரதிஷ்டை நடந்ததோ 1880 ஜூலை 6 அன்று! இடையிலே 1876–78-இன் பெரும்பஞ்சமும் வந்துபோயிற்று. தொடக்கத்தில் மண் சுமந்தவர்களில் எத்தனையோ பேர் முதல் மணியோசையைக் கேட்காமலே மண்ணுக்குத் திரும்பியிருப்பார்கள். ஆலயம் பாழாய்க் கிடக்கத் தங்கள் வீடுகளை அழகுபடுத்தியவர்களை ஆகாய் தீர்க்கதரிசி கடிந்துகொண்டார். அந்தக் கண்டனம் இடையன்குடியாரைத் தொடாது என்றே எண்ணுகிறேன். அங்கே ஆலயத்துக்கு முந்திக்கொண்டவை தண்ணீரும் கல்வியும் அல்லவா?

ஒன்றை மறைக்கலாகாது. 1849-இல் கால்டுவெல் இம்மக்களின் சமூகத்தைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதிய நூல் அவர்களை ஆழமாகப் புண்படுத்தியது. பிற்காலத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. அப்படிப் புண்பட்டவர்களின் உழைப்பும் அந்தச் சுவர்களில் இருக்கிறது. ஆகவே அதைக் கால்டுவெல் கட்டிய கோயில் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இக்காலத்தில் பழைய ஆலயத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டுவோம் என்று சபைதோறும் பேச்சு எழுகிறது. இடம் போதவில்லை என்பது மெய்யான குறைதான். ஆயினும், தீர்மானத்தில் கையொப்பமிடுமுன் பழைய பதிவேடுகளை எடுத்துப் பாருங்கள். அந்தச் சுவர் எத்தனை ஆண்டுகளில் எழுந்தது, யார் யாருடைய காணிக்கை அதில் சேர்ந்தது என்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதன்பின் முடிவு செய்யுங்கள்.

1891 ஆகஸ்ட் 28 அன்று கால்டுவெல் கொடைக்கானலில் இறந்தார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீடு இன்று அரசின் நினைவில்லம். அங்கே போகிறவர்கள் வீட்டையும் கல்லறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், அவர் வகுத்த தெருக்களிலும் சற்று நடந்து வாருங்கள். அங்கே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.