சூரிய கிரகணத்தைப் படமெடுக்க எந்தக் கண்ணாடி வேண்டும்?

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. அன்று நிலவின் நிழல் சவூதி அரேபியாவில் தொடங்கி, கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாக யாழ்ப்பாணத்தைக் கடந்தது. பிறகு சுமத்திரா, சிங்கப்பூர், ஜொகூரின் தென்கோடியில் உள்ள தஞ்சோங் பியாய், சரவாக் என்று அதன் பயணம் நீண்டது. தமிழர் வாழும் இத்தனை ஊர்களை ஒரே நாளில் தொட்ட கிரகணம் அடிக்கடி வருவதில்லை. தஞ்சோங் பியாயில் கூடியவர்கள் நெருப்பு வளையத்தைக் கண்டார்கள். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அது பகுதி கிரகணம்தான். ஆனாலும் மதியம் ஒன்றேகால் மணியளவில் சூரியனின் பெரும்பகுதி மறைந்து, வெயில் மங்கியது.

அப்படிப்பட்ட நேரத்தில் எல்லார் கையும் கைப்பேசியைத் தேடும். வானத்தைப் பார்த்து எடுத்த படத்தில் பெரும்பாலும் தெரிவது ஒரு வெள்ளைத் தீற்றல் மட்டுமே. பிறை வடிவம் எங்கே போனது என்று புரியாமல் சிலர் மீண்டும் மீண்டும் நிமிர்ந்து பார்ப்பார்கள். படம் கெட்டால் போகட்டும், கண் கெட்டால் திரும்ப வராது.

கிரகணச் சூரியன் ஏன் ஆபத்தானது?

கிரகணத்தின்போது சூரியனிலிருந்து தனி விஷக் கதிர் எதுவும் வருவதில்லை. எப்போதும் உள்ள அதே சூரியன்தான். சாதாரண நாளில் கண் கூசுவதால் நாம் ஒரு நொடிகூட அதைப் பார்ப்பதில்லை. கிரகணத்தில் சுற்றுப்புறம் மங்குவதால் கூச்சம் குறைகிறது, கண்ணின் பாவை விரிகிறது. மிஞ்சியிருக்கும் பிறையின் ஒவ்வொரு புள்ளியோ முழுச் சூரியனின் அதே வெளிச்சத்தோடு எரிகிறது. அந்தப் பிறை விழித்திரையில் விழுந்து, விழுந்த இடத்தைச் சுடுகிறது. விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. அதனால் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோதான் பார்வையின் நடுவில் ஒரு மங்கல் தெரியும். புத்தகம் படிக்கும்போது எழுத்து மறைந்து போகும். சிலருக்கு மாதக் கணக்கில் சரியாகும், சிலருக்குச் சரியாவதே இல்லை.

சூரியனைப் பாதுகாப்பாகப் பார்க்க, அதன் ஒளியில் 1,00,000-இல் ஒரு பங்கு மட்டுமே கண்ணுக்கு வர வேண்டும். வடிகட்டிகளின் பேச்சில் இதை அடர்த்தி 5.0 என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் அது சேர்த்தே தடுக்க வேண்டும். கிரகணக் கண்ணாடிகளுக்கான அனைத்துலகத் தரம் ஐ.எஸ்.ஓ. 12312-2. ஆனால் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சடித்துவிடலாம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் பார்த்தால் எதுவும் தெரியக்கூடாது. மேசை நாற்காலியோ சன்னலோ தெரிந்தால் அது குப்பைக்குத்தான். கீறலோ ஊசித் துளையோ விழுந்த கண்ணாடியையும் வைத்திருக்க வேண்டாம்.

வீட்டில் கிடைக்கும் மாற்று வழிகள்

பழைய எக்ஸ்ரே படம், கலர் நெகட்டிவ், சிடி தட்டு, புகை பிடித்த கண்ணாடி, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட இரண்டு கறுப்புக் கண்ணாடிகள் எதுவும் உதவாது. இவை கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைத்து, ‘பரவாயில்லை’ என்ற எண்ணத்தை ஊட்டுகின்றன. அகச்சிவப்புக் கதிர் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருக்கும்.

தாம்பாளத்தில் மஞ்சள் நீரோ சாணி கரைத்த நீரோ ஊற்றி, அதில் தெரியும் சூரியனைப் பார்ப்பது நம் வீடுகளில் பாட்டி காலத்து வழக்கம். தலைக்கு மேல் நிற்கும் சூரியனின் ஒளியில் தண்ணீர் நூறில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. கேட்க மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் பாதுகாப்பான அளவைப் போல் அது 2,000 மடங்கு. சூரியன் தாழ்வாக இருக்கும் காலை, மாலை வேளைகளில் தண்ணீர் இன்னும் அதிகமாகப் பிரதிபலிக்கும். எனவே இந்த வழக்கத்தைப் பிள்ளைகளிடம் தொடர வேண்டாம். தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்துவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. அடி தட்டையான உலக்கை, நிறுத்துபவருக்குப் பொறுமை இருந்தால், எந்த நாளிலும் நிற்கும் என்பது வேறு விஷயம்.

பட்டறைகளில் வெல்டிங் செய்பவர்கள் அணியும் கண்ணாடியைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. 14-ஆம் எண் கண்ணாடி போதுமானது. பட்டறைகளில் பொதுவாகப் புழங்குவது 10, 11-ஆம் எண் கண்ணாடிகள். அவை போதாது. எண்ணைப் பார்க்காமல் இரவல் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

கேமராவுக்கு எது?

கல்யாணப் படம் எடுப்பவர்களிடம் என்.டி.1000 என்ற வடிகட்டி இருக்கும். அருவியைப் பஞ்சுபோல் காட்ட அது நல்ல கருவி. சூரியனுக்கு அது போதாது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை அது விட்டுவிடுகிறது. பாதுகாப்பான அளவைப் போல் அது நூறு மடங்கு. கேமராவுக்குத் தேவையானது சூரியனுக்கென்றே செய்த வடிகட்டி. திருகி மாட்டும் என்.டி.100000 கண்ணாடியாகவோ, வெள்ளித்தாள் போன்ற சூரியப் படலமாகவோ அது கிடைக்கும். படலம் வாங்கினால், லென்ஸின் அளவுக்கு அட்டை வளையம் வெட்டி, இரண்டு வளையங்களுக்கு நடுவில் படலத்தை வைத்து ஒட்டிக்கொள்ளலாம். காற்றில் பறக்காமல் டேப் போட்டுக் கட்டுவது முக்கியம். படலம் சுருங்கியிருந்தால் கவலை இல்லை, கிழிந்திருக்கக் கூடாது.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் படலம் 5.0, 3.8 என்று இரண்டு அடர்த்திகளில் விற்கப்படுகிறது. 3.8 படலம் கேமராவுக்கு மட்டுமே. அது 5.0-ஐப் போல் சுமார் 16 மடங்கு ஒளியை விடும். அதைக் கண்ணில் வைத்தோ, வியூஃபைண்டர் வழியாகவோ பார்க்கக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 5.0-ஐ வாங்குவதே நல்லது.

வடிகட்டி எப்போதும் லென்ஸின் முன்பக்கத்தில் இருக்க வேண்டும். தொலைநோக்கியின் கண் வைக்கும் பக்கத்தில் மாட்டும் சிறிய கறுப்புக் கண்ணாடிகள் பழைய கருவிகளோடு வருவதுண்டு. லென்ஸ் குவித்த சூட்டில் அவை வெடித்துவிடும். அதேபோல், கிரகணக் கண்ணாடியை முகத்தில் போட்டுக்கொண்டு வடிகட்டி இல்லாத பைனாகுலர் வழியாகப் பார்ப்பதும் பெரிய ஆபத்து. குவிந்த ஒளி கண்ணாடியைப் பொசுக்கிக்கொண்டு கண்ணுக்குள் போகும். வடிகட்டி இல்லாத பெரிய லென்ஸைச் சூரியனை நோக்கி வைத்தால், கண்ணாடியில்லாக் கேமராக்களின் சென்சாரும் ஷட்டரும் எரிந்துபோகலாம்.

முழு கிரகணத்தில், சூரியன் அடியோடு மறைந்த அந்தச் சில நிமிடங்களில் மட்டுமே வடிகட்டியை எடுக்கலாம். வளைய கிரகணத்திலும் பகுதி கிரகணத்திலும் அந்த வாய்ப்பே இல்லை. 2019-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்கு, காலை 11 மணிக்குப் பின் தொடங்கியது முதல் மாலை 3 மணிக்குப் பின் முடியும்வரை ஒரு நொடிகூட அப்படி வரவில்லை. 2016 மார்ச் 9 அன்று வந்த கிரகணத்தில் சூரியன் எழுந்த கையோடு மறைப்பும் தொடங்கியது. அடிவானத்துப் புகைமூட்டத்தில் சிவந்து தெரியும் சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கலாம் என்று தோன்றும். அதையும் நம்பக் கூடாது. டிசம்பர் மேகமும் அப்படித்தான். மேகம் மூடியதும் வடிகட்டியைக் கழற்றி வைத்தவர், அது விலகும் நொடியில் மாட்டிக்கொள்கிறார்.

அளவுகள்

லென்ஸின் குவிய தூரத்தை 109-ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் சூரியனின் அளவு கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அது அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 200-இல் சுமார் 1.8, 500-இல் சுமார் 4.6 மில்லிமீட்டர். கைப்பேசியில் சூரியன் ஏன் வெறும் புள்ளியாக விழுகிறது என்பதற்கு இதுதான் விடை.

5.0 வடிகட்டி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8 என்று வைத்தால் ஷட்டர் வேகம் 1/400 நொடிக்கு அருகில் இருக்கும். இங்கே சொல்லும் ஐ.எஸ்.ஓ. கேமராவின் உணர்திறன். கண்ணாடித் தர எண்ணோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிரகணம் வளர வளர வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. பிறையின் வெளிச்சம் பெரிதாக மாறுவதில்லை. மேகம் வந்தால் மட்டும் வேகத்தைக் குறைத்து இரண்டு மூன்று படம் கூடுதலாக எடுக்கலாம். தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட்டு, திரையில் பெரிதாக்கி, சூரியனின் விளிம்பு கூராகும்வரை கையால் திருக வேண்டும். முக்காலி கட்டாயம். 2019-இல் உச்ச நேரத்தில் சூரியன் கோலாலம்பூரில் அடிவானத்திலிருந்து சுமார் 63 பாகை உயரத்தில் இருந்தது. அவ்வளவு நிமிர்த்தினால் பல முக்காலிகள் சாய்ந்துவிடும். முந்தைய நாள் அதே நேரத்தில் ஒருமுறை வைத்துப் பார்ப்பது நல்லது.

பத்துமலை முருகன் சிலையோடு கிரகணத்தை ஒரே படத்தில் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். வடிகட்டி போட்டால் சூரியனைத் தவிர மற்றவை இருட்டு. சிலையைத் தனியாக எடுத்து ஒட்டலாம். அப்படி ஒட்டியதைச் சொல்லிப் பகிர்வதுதான் நேர்மை.

கைப்பேசி வைத்திருப்பவர்கள் உதிரிக் கிரகணக் கண்ணாடி ஒன்றை லென்ஸ் முன் ஒட்டி, திரையில் சூரியனைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கீழே இழுத்தால் சிறு பிறை கிடைக்கும்.

எதுவும் வாங்க வழியில்லாதவர்களுக்கு

தோட்டப்புறத்தில் லயத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் நினைவிருக்கும். வெயில் நேரத்தில் தரையில் விழும் அந்த வட்டப் புள்ளிகள் உண்மையில் சூரியனின் படங்கள். கிரகணத்தன்று அவை அத்தனையும் பிறையாக மாறிவிடும். மா மரத்தடியிலும் ரப்பர் மரத்தடியிலும் இலைகளின் இடைவெளி வழியாக நூற்றுக்கணக்கான பிறைகள் தரையில் ஆடும். முறுக்கு அச்சு, சல்லடை, இட்லித் தட்டின் துளைகளும் அதையே செய்யும். அட்டையில் ஊசித் துளை போட்டு, ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத் தாள் வைத்தால் 9 மில்லிமீட்டர் சூரியன் விழும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, தரையைக் கைப்பேசியில் எடுக்கலாம். வடிகட்டியே வேண்டாம். பிள்ளைகளின் கைகளில் பிறைகள் விழும் படம், வானத்துப் படத்தைவிடப் பல நேரங்களில் அழகாக அமைகிறது.

கிரகண நேரத்தில் பல கோயில்களில் நடை சாத்துவதும், கர்ப்பிணிகளை வெளியே விடாததும் குடும்பங்களின் வழக்கம். கண்ணாடியோடு வாசலுக்கு வருவதா வேண்டாமா என்பதை வீட்டார் முடிவு செய்யட்டும். தரையில் விழும் பிறையை வீட்டுக்குள் இருந்தபடி சன்னல் வழியாகவும் பார்க்கலாம்.

அடுத்த பெரிய வாய்ப்பு 2031 மே 21. அன்றைய வளைய கிரகணமும் தென்னிந்தியா, இலங்கை வழியாகவே வந்து தீபகற்பத்தின் வட பகுதியைக் கடக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பகுதி கிரகணமாக, பிற்பகலில், மேற்கு வானில் தெரியும். 2019-இல் வாங்கிய கண்ணாடியை இன்னும் அலமாரியில் வைத்திருப்பவர்கள், அதை அன்று மாட்டுவதற்கு முன் விளக்கொளியில் தூக்கிப் பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.