ராயல் இன்ஸ்டிட்யூஷன் பிரசங்கங்களும் அவற்றின் பதிவுகளும்

லண்டன் மாநகரின் ஆல்பெமார்ல் வீதியில் 21-ஆம் எண்ணுள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷன் மாளிகையில், 1812-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசி நாளன்று, ரசாயன அறிஞர் ஹம்ஃப்ரி டேவி பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, மேல்மாடத்து ஆசனமொன்றில் இருபது வயது வாலிபன் ஒருவன் குறிப்பெடுத்தவண்ணம் உட்கார்ந்திருந்தான். கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் ஏழாண்டு தொழில் பயின்று வந்த அவனுக்கு அந்தச் சபையில் இடம் கிடைத்தது, கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் மனமுவந்து கொடுத்த நுழைவுச் சீட்டுகளினால்தான். நான்கு பிரசங்கங்களைக் கேட்ட அவன், தான் எழுதிய குறிப்புகளை விரித்தெழுதி, சித்திரங்கள் வரைந்து சேர்த்து, 300 பக்கங்களுக்குக் குறையாத நூலாகத் தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பிவைத்தான். 1813 மார்ச் 1-ஆம் தேதி அந்த ஸ்தாபனத்தின் பரிசோதனைச் சாலையில் உதவியாளனாக நியமனம் பெற்றான். மைக்கேல் ஃபாரடேயின் பிரவேசம் இது. விஞ்ஞானப் பிரசங்கத்தின் சரித்திரத்தை ஆராய முற்படுவோர் இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: டேவியின் நாவன்மையால் மயங்கியோர் பலர் இருந்தும், ஃபாரடேயை அந்த வீட்டுக்குள் கொண்டுசேர்த்தது பிரசங்கத்தின் பதிவே.

ராயல் இன்ஸ்டிட்யூஷன் 1799-இல் ரம்ஃபோர்டு பிரபு, ஜோசஃப் பாங்க்ஸ் முதலியோரின் முயற்சியால் தோன்றியது. பயனுள்ள யந்திரங்களைப் பற்றிய அறிவை ஜனங்களிடையே பரப்புவதே அதன் நோக்கமென்று அறிவிக்கப்பட்ட போதிலும், சந்தா செலுத்தக்கூடியவர்கள் சீமான்களும் சீமாட்டிகளுமாகவே இருந்தமையால், சபையும் அவர்களுடையதாகவே ஆயிற்று. டேவியின் பிரசங்க நாட்களில் குதிரை வண்டிகள் நெருக்கியடித்ததனால் அவ்வீதியே லண்டனின் முதல் ஒருவழிப் பாதையாக்கப்பட்டது என்று சொல்லுவர். சீட்டில்லாதவனுக்கு அங்கே கதவில்லை. 1825-இல் இளைஞர்களுக்கென்று தொடங்கிய கிறிஸ்துமஸ் பிரசங்கங்களும் அந்தக் குறையைத் தீர்த்துவிடவில்லை.

அப்பிரசங்கங்களை 1827 முதல் 1860 வரையில் பத்தொன்பது முறை நிகழ்த்திய ஃபாரடே, பேசும் கலையைத் தவம்போலப் பயின்றவர். உதவியாளராகச் சேர்ந்த ஆண்டிலேயே நண்பரொருவருக்கு எழுதிய கடிதங்களில், சபையின் காற்றோட்டம் முதல் பிரசங்கம் ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்பது வரையில் ஆராய்ந்திருக்கிறார். பிற்காலத்தில், சாதாரண மெழுகுவர்த்தி ஒன்றை மேஜைமேல் வைத்துக்கொண்டு ரசாயன சாஸ்திரத்தின் பெரும்பகுதியை ஆறு பிரசங்கங்களில் அவர் விளக்கிய விதம் இன்றும் வியக்கத்தக்கது. எரிகின்ற சுடரின் நடுவே வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு நுனியை நுழைத்து, உள்ளிருக்கும் ஆவியை மறுநுனி வழியாக வெளியே இழுத்து, அங்கே அதற்குத் தீ மூட்டிக் காட்டுவார். எரிவது மெழுகன்று, மெழுகின் ஆவியே என்பதை இதற்குமேல் வார்த்தைகளால் நிரூபிக்க அவசியமில்லை. பிறகு பிரகாசமான ஒளியின் முன் அச்சுடரை நிறுத்தி அதன் நிழலைத் திரையில் வீழ்த்துவார். சுடரின் மிகப் பிரகாசமான பாகமே நிழலில் மிகக் கறுத்துத் தோன்றும். வெளிச்சம் தருவது அங்கே பழுக்கக் காய்ந்து மிதக்கும் கரித்துகள் என்பது அதனால் விளங்கும்.

1848-இல் ஒருமுறை நிகழ்ந்த இப்பிரசங்கங்கள் 1860-61 குளிர்காலத்தில் மீண்டும் நிகழ்ந்தபோது, வில்லியம் க்ரூக்ஸ் என்னும் இளம் ரசாயனி அவற்றை அச்சேற்ற முன்வராதிருந்தால், அவை கேட்டவர்களின் ஞாபகத்தோடு மறைந்திருக்கும். 1861-இல் வெளிவந்த அந்தச் சிறு நூல் பல பாஷைகளில் பரவிற்று. ஏறக்குறைய நூறாண்டுக்குப் பிறகு, ஜப்பானில் ஆரம்பப் பள்ளிச் சிறுவன் ஒருவன் ஆசிரியை சொல்லி அதனைப் படித்தான்; லித்தியம் அயனி மின்கலத்துக்காக 2019-இல் நோபல் பரிசு பெற்ற அகிரா யோஷினோ, தமக்கு ரசாயனத்தில் ருசி பிறந்தது அதனால்தான் என்று கூறியிருக்கிறார்.

நம் தேசத்திலும் அந்த வீட்டின் எதிரொலி கேட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் கல்கத்தாவில் நிறுவிய விஞ்ஞான சங்கம் ராயல் இன்ஸ்டிட்யூஷனை முன்மாதிரியாகக் கொண்டு பொதுப் பிரசங்கங்களோடு தொடங்கியதே. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் தம் ஆராய்ச்சியை நடத்தியது அதன் கூடத்தில்தான். ஜகதீச சந்திர போஸ் 1897-இல் லண்டனுக்கே சென்று, அவ்வீட்டின் வெள்ளிக்கிழமை மாலைச் சபையில் மின்னலைகளைப் பற்றிப் பேசினார்.

1966 முதல் கிறிஸ்துமஸ் பிரசங்கங்களை பி.பி.சி. தொலைக்காட்சி ஆண்டுதோறும் ஒளிபரப்பத் தொடங்கியபோது, பதிவு மூன்றாவது ரூபம் எடுத்தது. முதலில் பேசியவர் எரிக் லெய்த்வெயிட் என்னும் மின்யந்திரப் பேராசிரியர். காமிராவின் முன் பரிசோதனை செய்வதில் இணையற்றவரான இவரே, 1974-இல் அதே மேடையில் சுழலும் கனத்த சக்கரமொன்றை அநாயாசமாகத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டி, நியூட்டனின் விதிகள் இதற்குப் போதா என்னும் பொருள்படப் பேசியதால், அறிஞர்களின் கண்டனத்துக்கு ஆளானார். ஸ்தாபனம் அப்பிரசங்கத்தை வழக்கம்போல் அச்சிடவுமில்லை. அந்தக் காட்சி நியூட்டனின் விதிகளுக்குள்ளேயே அடங்குவதென்பது பின்னர் தெளிவாக்கப்பட்டது. மேஜைமேல் செய்து காட்டிவிட்டதனாலேயே ஒரு கூற்று உண்மையாகிவிடாது என்பதை, இணையத்தில் வேடிக்கைப் பரிசோதனைகளை மாறிமாறிப் பார்க்கும் இக்காலத்தவர் மறக்கலாகாது. நல்லவை யாவும் நிலைத்தன என்றும் சொல்வதற்கில்லை. நாடாக்களை அழித்து மறுபடி உபயோகித்த அந்நாளில், ஆரம்ப ஆண்டுகளின் பதிவுகள் சில காணாமற்போயின.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1964-இல் கார்னெல் சர்வகலாசாலையில் ரிச்சர்டு ஃபைன்மன் பௌதிக விதிகளின் இயல்பைப் பற்றி நிகழ்த்திய ஏழு பிரசங்கங்களையும் பி.பி.சி. படமெடுத்தது. ஃபாரடேக்கு இருந்த மேஜையும் குழாயும் இவருக்கில்லை. கரும்பலகையும் கைகளுமே சாதனம். அவற்றைப் பார்த்து மனம் பறிகொடுத்த பில் கேட்ஸ் உரிமையை விலைக்கு வாங்கி, 2009-இல் இணையத்தில் இலவசமாகப் பார்க்கும்படி செய்தார். ராயல் இன்ஸ்டிட்யூஷனும் தன் பழைய பதிவுகளில் பலவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது; 1977-இல் கார்ல் சேகன் கிரகங்களைப் பற்றிச் சிறுவர்களிடம் பேசிய ஆறு பிரசங்கங்களும் அவற்றுள் அடங்கும்.

ஆகவே சீட்டு இல்லை என்ற குறை இன்று எவருக்குமில்லை; எஞ்சியுள்ள தடை பாஷை ஒன்றே. நம் கல்லூரிகளில் விஞ்ஞானம் போதிப்போர் க்ரூக்ஸ் அன்று மேற்கொண்ட வேலையைத் தமிழில் மேற்கொள்ளவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். சேகனின் பிரசங்கங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவதிலிருந்து தொடங்கலாம்.