மூச்சா, நாடியா? – மயக்க மருந்தின் கதை



எங்க கீழச்சிவல்பட்டிப் பக்கம் ஆபரேஷன் என்றாலே, "மயக்கம் கொடுத்தா திரும்ப எந்திரிப்பாகளா?" என்றுதான் நர்ஸான என்னிடம் கேட்பார்கள். அந்தப் பயத்தை நான் சிரித்து ஒதுக்கியதில்லை. அதற்கு ஒரு சரித்திரமே உண்டு.

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டனில் மார்ட்டன் ஈதர் கொடுத்துக் காட்டினார். ஆறே மாதத்துக்குள் அது கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. 1847 நவம்பரில் சிம்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். அடுத்த ஜனவரியிலேயே, கால் நகம் எடுக்கப் போன 15 வயது ஹன்னா கிரீனர் என்ற இங்கிலாந்துப் பெண் அந்த மயக்கத்தில் இறந்துபோனாள்.

முதலில் நிற்பது மூச்சா, இதயமா? பெரிய சர்ச்சை! ஹைதராபாத்தில் டாக்டர் எட்வர்ட் லாரி, நிஜாமின் பண உதவியோடு 1888, 1889இல் இரண்டு குழுக்கள் அமைத்து விலங்குகளில் சோதித்தார். மூச்சைக் கவனித்தால் போதும் என்பது அவர் முடிவு. அங்கே பயின்ற ரூபாபாய் ஃபர்தூன்ஜி, மயக்க மருந்து கொடுப்பதில் உலகின் முன்னோடிப் பெண் டாக்டர்.

ஆனால் 1911இல் லெவி, லேசான குளோரோஃபார்ம் மயக்கத்திலும் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம் என்று காட்டினார். லாரி கண்டது பாதி உண்மைதான்.

இன்று விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நாடியையும் ஆக்ஸிஜனையும் காட்டும். ஆனால் மூச்சு நின்று சற்று நேரம் கழித்துத்தான் அந்த எண் இறங்கும். ஆகவே நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாருங்க. நாடியில் விரல் வையுங்க. நோயாளி முழுசா முழிக்கிற வரைக்கும் பக்கத்தை விட்டு நகராதீங்க.