ஒன்பது ரூபாய் உபாத்தியாயர்

சம்பளப் பட்டியலைப் படிப்பதற்காக இலக்கிய ஏட்டை எவரும் விலைகொடுத்து வாங்குவதில்லை என்பதை நாம் அறியாமலில்லை. ஆயினும் தோழர்களே, ஒரு நாடு கல்வியை எவ்வளவு மதித்தது என்றறிய, கல்வியைப் போற்றி எழுந்த பாடல்களை எண்ணுவதைவிட, கற்பித்தவனுக்கு அளந்த கூலியை எண்ணிப் பார்ப்பது பயன்தரும். பாட்டிலே உயர்வு நவிற்சிக்கு இடமுண்டு. பட்டியலில் அதற்கு இடமில்லை.

நாம் வாழும் பண்ணைப்புரம் இசையால் பெயர்பெற்ற ஊர். இளையராஜா பிறந்த ஊர் என்றால் எட்டுத் திக்கிலும் தெரியும். நாம் பேச வந்தது அந்த இசையைப் பற்றியன்று. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் பொழுது புலருமுன் ஜீப்புகள் புறப்படுகின்றன. மலைக்கு அப்பால் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் தாய்மார் அவற்றில் நெருங்கி அமர்ந்திருப்பர். அவர்கள் விட்டுச்செல்லும் பிள்ளைகளுக்கு அன்றைய பகல் முழுவதும் தாயும் தந்தையுமாக இருப்பது தொடக்கப்பள்ளி ஆசிரியரே. அந்த ஆசிரியரின் மதிப்பு எவ்வாறு கணக்கிடப்பட்டு வந்தது என்ற வரலாறே நமது பொருள்.

எழுத்தறிவித்தவனை இறைவனோடு ஒப்பிட்ட நாடு இது. இறைவனுக்குப் பசி கிடையாது என்பதாலோ என்னவோ, ஆசிரியனுக்கும் பசி இராதென்று முடிவுகட்டிவிட்டனர் போலும்! திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. நெல்லாகவும் எண்ணெயாகவும் சில்லறைக் காசாகவும் பெற்றோர் கொடுத்ததே வருவாய். நவராத்திரி வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீடுவீடாகப் பாடிச்சென்று பெற்ற வெகுமதியும் அதிலே சேர்த்தி. அந்தத் திண்ணையும் அனைவருக்கும் உரியதாக இருந்ததா? ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான ஊர்களில் திண்ணையின் நிழல்கூட எட்டவில்லை. பழமையைப் புகழ்வோர் இந்த இடத்தில் மட்டும் விரைந்து பக்கத்தைப் புரட்டிவிடுவர்.

1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். 12,498 பள்ளிகள் இருப்பதாக விடை வந்தது. அக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 1826 மார்ச்சில் மன்றோ எழுதிய குறிப்பிலே, ஆசிரியர் பெரும்பாலும் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும், தகுதியுடையவரை இத்தொழிலுக்கு ஈர்க்க இவ்வருவாய் போதாது என்றும் உரைத்தார். நோயை அறிந்த மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து என்ன? கலெக்டர் தலைநகரப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய். தாசில் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய்! ஒன்பது குறைவுதான் என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது. மாணவரிடமிருந்து இன்னொரு பங்கு அவர் பெற்றுக்கொள்வார் என்று சமாதானம் கூறினார்.

இந்த ஒன்பதையும் பதினைந்தையும் நாம் சாதாரணமாகக் கடந்து போய்விடக்கூடாது. ஆசிரியரிடையே அரசே வகுத்த படிநிலை இங்கேதான் தோன்றுகிறது. நகரத்துப் பெரிய பிள்ளைக்குக் கற்பிப்பவர் மேலே. சிற்றூர்ச் சிறு பிள்ளைக்குக் கற்பிப்பவர் கீழே. குழந்தை சிறிதாயின் கூலியும் சிறிது என்னும் விதி அன்று எழுதப்பட்டது. மன்றோ 1827இல் மறைந்தார். ஆங்கில உயர்கல்விக்கே பணம் என்ற கொள்கை ஓங்கியதும், 1836இல் அந்தத் தாசில் பள்ளிகளும் கைவிடப்பட்டன. ஒன்பது ரூபாயும் போயிற்று.

அடுத்து வந்தது விந்தையான ஏற்பாடு. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு உதவித்தொகை வழங்கச் சொன்னது. எதை அளந்து வழங்குவது? இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த முறை கப்பலேறிச் சென்னைக்கு வந்து சேர்ந்தது: தேர்ச்சிக்கு ஏற்ற கூலி. ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குக் கேட்பார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று பணம். தேறாத பிள்ளையால் பள்ளிக்கு இழப்பு. அன்று காய்ச்சலில் படுத்த பிள்ளையாலும் இழப்பு. விளைவை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. பொருள் புரியாமல் நெட்டுருச் செய்வித்தல் பெருகிற்று. மந்தமான பிள்ளை ஆசிரியரின் கண்ணுக்கு வயிற்றிலடிக்கும் பகைவனாகத் தெரிந்தான். பிரம்பின் கொடுமையைப் பேசுகிறோமே, அந்தப் பிரம்பை ஓங்கிய கையின் பின்னால் இருந்த கணக்கேட்டைப் பேசினோமா? கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானத்திலே அரசே இம்முறையைக் குறைகூறிக் கைவிட நேர்ந்தது. இன்றைக்கும் மாணவர் மதிப்பெண்ணைக் கொண்டு ஆசிரியர் ஊதியத்தை அறுதியிடலாமே என்று ஏதோ புதுமை கண்டவர்போல் பேசும் அறிஞர்கள் உளர். அந்தச் சோதனை நம் மண்ணில் நடந்து முடிந்துவிட்டது என்பதை அவர்கட்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பின்னர் வாரியப் பள்ளிகளின் காலம். லோயர் எலிமெண்டரி, ஹையர் எலிமெண்டரி, செகண்டரி என்று ஆசிரியர் பெற்ற பயிற்சிக்கேற்பத் தரங்கள் வகுக்கப்பட்டு, தரத்துக்கொரு சம்பளம் ஆயிற்று. 'செகண்டரி கிரேடு' என்பதன் தமிழாக்கமே 'இடைநிலை ஆசிரியர்'. பெயரில் இடைநிலை, கற்பிப்பதோ ஒன்றாம் வகுப்பிலிருந்து! பெயர்சூட்டும்போதுகூடக் குழந்தையை நினைக்காமல் சான்றிதழையே நினைத்திருக்கிறார்கள்.

நம் பகுதிக்கு இதிலே தனிக்கதை ஒன்றுண்டு. குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதனை அடுத்த ஆண்டுகளில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை வட்டாரத்திலும் இப்பள்ளத்தாக்கிலும் எழுந்தன. அடக்குமுறையின் மறுகையாக வந்த பள்ளியெனினும், மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். அவற்றின் ஆசிரியர் நெடுங்காலம் தனித்துறையின் கீழ் இருந்தனர். ஒரே தெருவில் இருவகைப் பள்ளி, இருவகை நிர்வாகம் என்பது இங்கே வியப்பன்று.

தனியார் பள்ளி ஆசிரியர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நிர்வாகி நினைத்தால் வேலை, நினைத்தால் வீடு. மாஸ்டர் இராமுண்ணி போன்ற தலைவர்களின் பின்னே தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அணிதிரண்ட வரலாறு இந்தத் துயரத்தில் முளைத்ததே. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1955இல் ஓய்வூதியம், வைப்புநிதி, காப்பீடு என்னும் முப்பயன் திட்டம் வந்தது. முதுமையில் பிச்சைப் பாத்திரம் ஏந்த வேண்டாம் என்ற உறுதி அன்றுதான் கிடைத்தது. 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், நிர்வாகி தன் மனம்போல் ஆசிரியரை நீக்குவதற்குத் தடையிட்டது. 1981 சூன் 1 முதல் ஊராட்சி ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். எண்பதுகளின் மறியல்களுக்கும் சிறைவாசங்களுக்கும் பிறகு, 1988 சூன் 1ஐக் கணக்குநாளாகக் கொண்டு, இடைநிலை ஆசிரியருக்கு நடுவணரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இணையான 1200-2040 என்னும் ஊதிய விகிதம் கிடைத்தது. ஒன்பது ரூபாயின் பழி நீங்கியது என்று நம் முன்னோர் மகிழ்ந்தனர்.

மகிழ்ச்சி இருபதாண்டே நீடித்தது. ஆறாவது ஊதியக்குழுவைத் தழுவி 2009இல் தமிழ்நாட்டரசு வெளியிட்ட ஆணையிலே, நடுவண் ஆசிரியருக்கு 9300-34800 விகிதம் இருக்க, நம்மவருக்கு 5200-20200 என்று வரையறுக்கப்பட்டது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். முன்பே பணியில் இருந்தவருக்குப் பழைய அடிப்படை ஊதியம் 4500ஐ 1.86ஆல் பெருக்கி 8370 என நிர்ணயித்தனர். 2009 சூன் 1 முதல் சேர்ந்தவருக்குப் பெருக்குவதற்குப் பழைய ஊதியம் ஏது? ஆகவே தொடக்கநிலையான 5200. தர ஊதியம் இருவருக்கும் 2800. மே 31இல் சேர்ந்தவர் 11,170; மறுநாள் சேர்ந்தவர் 8,000. ஒரே பயிற்சி, ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை, இடையிலே ஓரிரவு. அந்த ஓரிரவின் விலை 3,170 ரூபாய்! 2016 சனவரி முதல் அனைத்தையும் 2.57ஆல் பெருக்கியபோது, அநீதியும் 2.57 மடங்காகி எட்டாயிரத்தைத் தாண்டிற்று. இடையில் தரப்பட்ட தனி ஊதியம் அந்தப் பள்ளத்தைத் தூர்க்கவில்லை. புதிதாகச் சேரும் இடைநிலை ஆசிரியரின் தொடக்கம் 20,600 என்றும், பட்டதாரி ஆசிரியரின் தொடக்கம் 36,400 என்றும் ஆயிற்று. மன்றோவின் 9க்கும் 15க்கும் உள்ள விகிதத்தை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், பேரளவில் மாறவில்லை.

2018 டிசம்பரில் சென்னைக் கல்வித்துறை வளாகத்தில் இவர்கள் குடும்பத்தோடு உண்ணாமல் கிடந்தனர். சமவேலைக்குச் சமஊதியம் என்பது 2021 தேர்தலில் தி.மு.கழகத்தின் 311ஆம் வாக்குறுதியாயிற்று. 2022 டிசம்பரில் மீண்டும் அதே வளாகம், அதே பட்டினி. 2023 சனவரி முதல் நாள் மூவர் குழு அறிவிக்கப்பட்டது. கசப்பானதெனினும் கூறுகிறோம்: குழு அமைப்பதற்கு ஆகும் காலம் ஒரு நாள், குழுவின் முடிவுக்காகக் காத்திருந்தவரின் காலம் ஆண்டுகள்.

பதவி உயர்வின் கதை என்ன? பத்தாண்டில் தேர்வுநிலை, இருபதாண்டில் சிறப்புநிலை என்பவை ஊதியத்தை உயர்த்துமே அன்றிப் பதவியை உயர்த்தா. மேற்படிப்பு முடித்தோர்க்கு வழங்கிய ஊக்க ஊதியம் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. படிக்கச் சொல்லிக் கொடுப்பவன் தானும் படித்தால் பரிசில்லை என்பதே அதன் பொருள். தலைமையாசிரியராவதற்கு முன்னுரிமைப் பட்டியல் ஒன்றியவாரியாக இருந்தது. ஓர் ஒன்றியத்தில் விரைவில் கிட்டும் உயர்வு, பக்கத்து ஒன்றியத்தில் ஓய்வுபெறும்வரை கிட்டாமலும் போகும். 2023 டிசம்பர் 21ஆம் நாள் அரசாணை 243 அதனை மாநிலப் பட்டியலாக்கியது. உயர்வு வேண்டுமெனில் தொலைவூர் செல்ல நேரும் என்று, குறிப்பாகப் பெண் ஆசிரியர் பலர் அஞ்சிப் போராடினர். உரிமை கேட்டதற்கும் பட்டியலிலே தண்டனை உண்டு. 2019 சனவரி வேலைநிறுத்தத்தில் பங்கேற்றோர்மீது 17(ஆ) குற்றச்சாட்டு பாய்ந்தது. அது நிலுவையில் இருந்தவரை உயர்வு இல்லை. இரண்டாண்டு கழித்தே அது கைவிடப்பட்டது. உயரதிகாரி எழுதும் மந்தணக் குறிப்பை உரியவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தேவ் தத் வழக்கில் கூறியதே 2008இல்தான். அதுவரை தன்னைப்பற்றி எழுதப்பட்டது என்னவென்று அறியாமலே ஓய்வுபெற்றோர் எத்தனை பேர்!

2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்சநீதிமன்றம் இன்னொரு தீர்ப்பளித்தது. அய்ந்தாண்டுக்குமேல் பணிக்காலம் எஞ்சியிருப்போர் இரண்டாண்டுக்குள் தகுதித்தேர்வில் தேற வேண்டும்; அதனினும் குறைந்த காலமே உள்ளோர் தேர்வின்றி நீடிக்கலாம், ஆனால் பதவி உயர்வு இல்லை என்றது. 2010க்குப் பிறகு பிறந்த தகுதித்தேர்வு, அதற்கு முன்பே பணிக்கு வந்தவரையும் தேடி வந்துவிட்டது. இளைஞராகிய நாம் அத்தேர்வை எழுதித் தேறியே வந்தோம். ஆகவே நமக்கு இதில் இழப்பில்லை என்று வாளா இருந்துவிடலாமா?

தீர்ப்பு வந்த சில நாட்களில், நம்மைவிட இருபதாண்டு மூத்த ஆசிரியை ஒருவர் குழந்தை உளவியல் வினாவிடை நூலொன்றை வாங்கி வந்தார். தோட்டத்து ஜீப்புகள் திரும்பும்வரை பள்ளி வாயிலில் காத்திருக்கும் பிள்ளைகளுக்குக் காவலாக அமர்ந்து, அந்நூலைப் புரட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, இந்தப் பியாஜேன்னு ஒருத்தர் சொல்றது என்ன?" என்று நம்மைக் கேட்டார். மடியில் ஒரு பெண்குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. அதன் தாய் வந்த ஜீப்பு அப்போதுதான் தெருமுனையில் திரும்பிற்று.