தீட்டிய அரிசியும் திரும்பச் சேர்த்த சத்தும்: காவிரிக் கடைமடைச் சோறு குறித்து

காரைக்கால் பகுதியின் விழிதியூர் போன்ற காவிரிக் கடைமடை ஊர்களில் உணவை மாற்றிய அறிவியல் என்றால் விதையும் உரமுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஜப்பானிய நோரின் 10 ரகத்தை ஜி.இ.பி. 24 ரகத்தோடு கலந்து 1960களில் ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 தொடங்கி, ஒடிசாவின் எப்.ஆர். 13ஏ என்னும் நாட்டு நெல்லிலிருந்து வெள்ளம் தாங்கும் மரபணுவைப் பெற்று, ஏறத்தாழ இரு வாரம் நீரில் மூழ்கினாலும் மீண்டெழும் சி.ஆர். 1009 சப் 1 வரை, அந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுள்ளது. ஆயினும் உண்பவரின் உடலுக்கு எது சேர்கிறது என்பதை வயலைக் காட்டிலும் அரைவை ஆலையே தீர்மானிக்கிறது என்பதும், அரிசியின் சத்தைப் பற்றிய இன்றைய கொள்கை இதற்கு உரிய இடம் தரவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

புழுக்குதல் என்பது நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் அவித்து, உலர்த்திய பின் அரைக்கும் முறை. ஊறும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் (உயிர்ச்சத்து பி1) நீரில் கரைந்து மணியின் உட்பகுதிக்கு இடம்பெயர்கிறது. அவிக்கும்போது மாச்சத்து பசைநிலை அடைந்து, உலர்ந்ததும் இறுகி, அச்சத்தைத் தன்னுள் பிடித்துவைக்கிறது. எனவே பின்னர் தவிடு தீட்டப்பட்டாலும் பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் தயமின் கூடுதலாக எஞ்சுகிறது. மணி இறுகுவதால் குருணையும் குறைகிறது. இம்முறையைக் கையாண்ட தலைமுறைகளுக்கு உயிர்ச்சத்து என்ற கருத்தே கிடையாது. உமி எளிதில் கழன்றதும், அரிசி உடையாமல் வந்ததும், மறுநாள் பழையசோறு குழையாமல் நின்றதுமே அவர்கள் கண்ட பயன்கள்.

இதன் மறைவான பயனைச் சென்னை மாகாணமே சான்றாகக் காட்டியது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் (இன்றைய ஆந்திரக் கடலோர) மாவட்டங்களில், தயமின் குறைவால் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் நிலைகொண்டிருக்க, புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாகவே காணப்பட்டது. மெக்காரிசனும் அவருக்குப் பின் அய்க்ராய்டும் தலைமை தாங்கிய குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகம் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தது. வறுமை இரு பக்கமும் இருந்ததால், அது மட்டுமே இவ்வேறுபாட்டை விளக்காது என்பதை மறக்கலாகாது.

பிற்கால ஆய்வு இப்பழைய முறையை விலக்காமல் திருத்தியது. தண்ணீரில் இரண்டு மூன்று நாள் கிடந்த நெல் புளித்து நாற்றமெடுத்ததால், ஏறத்தாழ 70 பாகை செல்சியசு வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரத்தில் ஊறவைக்கும் முறையை மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் வகுத்தது. திருவாரூரில் தொடங்கித் தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்த நெல் பதன ஆய்வு மையம் அழுத்த ஆவி கொண்டு நேரத்தை மேலும் குறைத்தது.

ஆனால் அதே ஆலைகளில் வெண்மைக்காகத் தீட்டும் அளவு கூடிக்கொண்டே போனது. தவிட்டோடு போனதில் ஒரு பகுதியை வேறு வழியில் ஈடுசெய்யும் முயற்சியாகவே செறிவூட்டிய அரிசியைக் கருத வேண்டும். அரிசி மாவோடு இரும்பு, போலிக் அமிலம், பி12 ஆகியவற்றைப் பிசைந்து, எந்திரத்தில் அழுத்தி அரிசி வடிவில் வெட்டிய மணிகள் 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்ற அளவில் கலக்கப்படுகின்றன. பி12 எந்தத் தவிட்டிலும் இல்லாதது. தவிட்டின் இரும்போ பைட்டிக் அமிலத்தால் உடலில் எளிதில் சேராதது. ஆகவே இம்முயற்சியை வீண் என்று தள்ளிவிட இயலாது. எனினும் தவிட்டில் இயல்பாக உள்ள தயமின் இம்மூன்று கட்டாயச் சத்துகளில் இடம்பெறவில்லை. அரிசி களையும்போது சில மணிகள் மிதப்பதைக் கண்டு ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று அஞ்சும் குடும்பங்களை அறியாதவர்கள் என்று எள்ளுவதும் பொருந்தாது. தெரியாத பொருளைக் கண்ணாலும் கையாலும் சோதிப்பது தலைமுறைகளாக அடுப்படி அறிந்த தர ஆய்வு.

செறிவூட்டிய அரிசி நியாயவிலைக் கடைகள் வழியாக மக்களைச் சென்றடைந்தது; காரைக்காலின் நிலை இதில் தனித்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2015 செப்டம்பர் முதல், காரைக்கால் அடங்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை வந்தது. நியாயவிலைக் கடைகள் 2024 தீபாவளியையொட்டியே மீண்டும் திறந்தன. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கிராமத்திற்குக் கடை அரிசி வழியாகச் சென்ற சத்து, பணம் பெற்ற குடும்பத்திற்கு அவ்வழியில் சேர வாய்ப்பில்லாமல் இருந்தது. மளிகைக் கடையில் வெண்மையும் சன்னமும் பார்த்தே அரிசி வாங்கப்படுகிறது.

எனவே சத்தைச் சேர்க்கும் ஆணைக்கு முன்னதாகத் தீட்டும் அளவுக்கு ஒரு வரம்பு வேண்டும். அந்த அளவு மூட்டையின் மீதும் கடைப் பலகையிலும் தமிழில் எழுதப்பட வேண்டும். நூறு பங்குக்கு ஒரு பங்கான செயற்கை மணிக்குக் கொடுக்கப்படும் கவனம், ஆலையில் தவிடு இழந்து வரும் அந்த நூறு பங்குக்கு இன்னும் கொடுக்கப்படவில்லை.