பாம்பு பிடித்த கைகள்

வேட்டை என்றவுடன் துப்பாக்கியும் அடர்ந்த காடும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் சென்னையைச் சுற்றியுள்ள திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு பகுதிகளில் வாழும் இருளர்களின் வேட்டைக்கு ஒரு கடப்பாரையும் கூர்மையான கண்களும் போதும். மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே வளைக்குள் பாம்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். வயல் எலியைத் தோண்டிப் பிடிப்பதிலும் கெட்டிக்காரர்கள். இதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அப்பா அம்மாவுடன் வரப்பில் நடந்தே பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு காலத்தில் பாம்பைப் பிடித்து, கொன்று, தோலை உரித்து வியாபாரிகளிடம் விற்பதுதான் பலருக்குப் பிழைப்பு. அந்தத் தோல் வெளிநாட்டில் கைப்பையாகவும் செருப்பாகவும் மாறியது. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை விழுந்தது. பாம்புகளுக்கு அது நல்ல செய்தி. ஆனால் இருளர்களுக்கு? நேற்றுவரை சோறு போட்ட தொழில் இன்று குற்றம்!

இதற்கு விடை 1978ல் கிடைத்தது. ராமுலஸ் விட்டேகரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் உயிரோடு பிடித்து வருகிறார்கள். சுமார் மூன்று வாரம் மண்பானையில் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடும் விவசாயியின் உயிர் இதில்தான் இருக்கிறது.

வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சரக்கு மாறியது, திறமை மாறவில்லை. முன்பு பாம்பு செத்தால்தான் காசு. இப்போது அது உயிரோடு இருந்தால்தான் காசு. லாபமும் பாதுகாப்பும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம்.

2017ல் அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களே அவர்கள் பின்னால் நடந்து பாடம் கற்றார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பட்டம் இல்லாதவரிடமும் பாடம் இருக்கிறது நண்பர்களே. கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.